விளையாட்டரங்கின் கடைசி வரிசைவரை சென்று சேர்ந்த ராக் நிகழ்ச்சிகள் எவை?

கேள்வி: சுங்கை சிப்புட் இசை வட்டம்

வணக்கம். எங்கள் ஊர்ச் சமூக மண்டபத்தில் இளைஞர்களுக்காக மாதந்தோறும் ஓர் இசை மாலை நடத்தி வருகிறோம். கர்நாடக இசை, நாட்டார் இசை, திரையிசை ஆகியவற்றைப் பற்றிப் பேசியாயிற்று. அடுத்ததாக மேலைநாட்டு ராக் இசையை, குறிப்பாகப் பெரிய விளையாட்டரங்குகளில் நடந்த புகழ்பெற்ற நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இளைஞர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். கோலாலம்பூரில் பெரிய இசைநிகழ்ச்சி என்றால் பலரும் சேர்ந்து வாடகைப் பேருந்து பிடித்துச் சென்று, கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிற மிக உயர்ந்த அடுக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஊர் திரும்புகிறவர்கள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் படித்தபோது, பெரும்பாலானவை கூட்டத்தின் எண்ணிக்கையை வைத்தே நிகழ்ச்சியின் பெருமையை அளப்பதைக் கண்டேன். 1990 ஏப்ரல் 21ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா காற்பந்தரங்கில், முன்பு பீட்டில்ஸ் குழுவில் இருந்த பாடகர் பால் மெக்கார்ட்னியின் இசையைக் கேட்க ஏறக்குறைய 184,000 பேர் கூடினார்கள் என்பது வியப்புக்குரிய செய்திதான். ஆனால் அந்த 184,000ஆவது மனிதருக்கு என்ன கேட்டது, என்ன தெரிந்தது, அவர் அந்த நிகழ்ச்சியில் பங்கேற்றவராகத் தம்மை உணர்ந்தாரா என்பதைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகள் உட்காரும் இடம் அதுதான் என்பதால், எனக்கு அந்தக் கேள்வியே முதன்மையாகத் தோன்றுகிறது. மேடையிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரையும் மதித்து நடத்தப்பட்ட நிகழ்ச்சிகள் எவை? அவ்வாறு நடத்தத் தவறியவை எவை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் பயன்படும்.

மறுமொழி 1: ஒலியமைப்பாளர், தெலுக் இந்தான்

ஐயா, கோயில் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் ஒலியமைப்புச் செய்வது என் தொழில். ஆகவே காதுக்கு எட்டியதா என்பதிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

தவறியதற்கு முதல் எடுத்துக்காட்டு, விளையாட்டரங்க நிகழ்ச்சிகளுக்கே தொடக்கமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிதான். 1965 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷியா பேஸ்பால் அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் ஏறக்குறைய 55,600 பேர் முன்னிலையில் பாடினார்கள். மேடை திடலின் நடுவே அமைக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் திடலில் இறங்க அனுமதிக்கப்படவில்லை. ஆகவே முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கே மேடை தொலைவாகத்தான் இருந்தது. வாக்ஸ் நிறுவனம் அந்தப் பயணத்துக்கென்று 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்திருந்தது. குரலுக்கோ, ஆட்ட அறிவிப்புகளுக்காக அரங்கில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகளையும் நம்ப வேண்டியிருந்தது. பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க உதவும் மானிட்டர் ஒலிபெருக்கிகள் மேடையில் இல்லை. ரசிகர்களின் கூச்சலில் எதுவும் கேட்காததால், மற்றவர்களுடைய உடலசைவைப் பார்த்தே பாடல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்து வாசித்ததாக அக்குழுவின் முரசு வாசிப்பாளர் ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பன்னிரண்டு பாடல்கள், ஏறக்குறைய அரை மணி நேரம், அவ்வளவுதான். மறு ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் அரங்கில் பாடியதோடு, கட்டணம் பெற்று மேடையேறுவதையே அக்குழுவினர் நிறுத்திவிட்டார்கள். தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலையில் இசைஞர் எவ்வளவு காலம் வாசிக்க முடியும்?

ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. காற்பந்துத் திடலின் நீளம் 105 மீட்டர் என்று கொண்டால், ஒரு கோல் கம்பத்தருகே அடித்த முரசு மறு கோல் கம்பத்தருகே நிற்பவருக்கு 0.3 நொடி கழித்துத்தான் கேட்கும். இடையில் இன்னொரு ஒலிபெருக்கியை நிறுத்தி அதே நேரத்தில் ஒலிக்க விட்டால், பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் இருமுறை கேட்டுப் பாட்டின் சொற்கள் குழம்பிவிடும். எதிர்ப்புறக் காங்கிரீட் படிகளில் மோதித் திரும்பும் எதிரொலி அந்தக் குழப்பத்தை மேலும் கூட்டும். இதற்குக் கண்ட தீர்வுதான் தாமதக் கோபுரம். திடலின் நடுவே கோபுரங்களை நிறுத்தி, அவற்றில் உள்ள ஒலிபெருக்கிகள் மேடையிலிருந்து புறப்பட்ட ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்குச் சற்றே பிந்தி ஒலிக்குமாறு மின்னணுக் கருவியால் நேரம் குறிக்கிறார்கள். அந்தச் சிறிய பிந்துதல் மிக முக்கியமானது. முதலில் வந்த ஒலியின் திசையையே காது ஏற்றுக்கொள்வதால், சத்தம் அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வந்தாலும் கேட்பவருக்குப் பாடகர் மேடையிலிருந்து பாடுவதாகவே தோன்றும். 1973 ஜூலையில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் கார்ப் பந்தயத் திடலில் ஆறு லட்சம் பேர் திரண்டதாக மதிப்பிடப்பட்ட நிகழ்ச்சியில் இந்த முறை கையாளப்பட்டது. கடைசி வரிசையை ஒரு பொறியாளர் எண்ணிப் பார்த்ததற்கு அதை நான் நல்ல சான்றாகக் கருதுகிறேன்.

பிறகு 1990களில், பிரான்சின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தார் வழிகாட்ட, ஒலிபெருக்கிகளைச் சரம்போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் முறை பரவியது. தனி ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து விலகிச் செல்லும்போது, தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறையும். சரமாகத் தொங்கவிட்டால், குறிப்பிட்ட தொலைவுவரை அந்தக் குறைவு 3 டெசிபெல் அளவிலேயே நிற்கும். முன்வரிசையின் செவிப்பறையை வருத்தாமலே பின்வரிசைக்குச் சொற்களைத் தெளிவாகக் கொண்டு செல்ல இது வழிசெய்தது.

இளைஞர்களிடம் இதையும் சொல்லுங்கள். பகலில் வெயில்பட்ட தரைக்கு மேலுள்ள காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போகிறது. இரவில் தரையருகே காற்று குளிர்ந்த பின் கீழ்நோக்கி வளைகிறது. தோட்டத்துக் கோயிலின் குழாய் ஒலிபெருக்கி பகலில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தோடு நின்றுவிட்டு, இரவில் மறு தோட்டம்வரை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிற்பகலில் ஒலியைச் சரிபார்த்துவிட்டு அப்படியே இரவு நிகழ்ச்சிக்குப் போகக்கூடாது என்பது திறந்தவெளி அரங்குகளில் வேலை செய்யும் ஒலியமைப்பாளர் அனைவருக்கும் தெரிந்த பாடம்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, தைப்பிங்

தம்பி தெலுக் இந்தான் எழுதியதை மிகவும் மதிப்புடன் படித்தேன். ஆனால் கருவிகள் செம்மையாக இருந்தும் கடைசி வரிசையை இழந்த நிகழ்ச்சிகள் உண்டு. மேடையில் நிற்பவருடைய மனம் அங்கே சென்று சேர வேண்டும்.

1977 ஜூலை 6ஆம் நாள், 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட மொண்ட்ரியால் அரங்கில் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் வாசித்தார்கள். அக்காலத்தில் அவர்களைவிடக் கவனமாக ஒலியமைத்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும், கூட்டத்தின் ஓயாத கூச்சலால் பொறுமையிழந்த அக்குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், மேடைக்கு அருகே இருந்த ஒரு ரசிகர்மீது எச்சில் உமிழ்ந்துவிட்டார். அந்தச் செயல் அவரையே உலுக்கியது. மேடைக்கும் மக்களுக்கும் நடுவே எழும்பிவிட்ட சுவர் என்ற எண்ணம் அதிலிருந்துதான் அவருக்குப் பிறந்தது. 1979இல் வெளிவந்த 'தி வால்' இசைத்தட்டு அந்த எண்ணத்தின் மீது கட்டப்பட்டது. பெரிய அரங்கம் ரசிகரை மட்டுமன்றி இசைஞரையும் தனிமைப்படுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறானது எட்டு ஆண்டுகள் கழித்து நடந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் முன்னின்று நடத்திய லைவ் எய்ட் நிகழ்ச்சி, 1985 ஜூலை 13ஆம் நாள் லண்டன் வெம்ப்ளி அரங்கிலும் பிலடெல்பியாவின் ஜான் எஃப். கென்னடி அரங்கிலும் ஒரே நாளில் நடந்தது. வெம்ப்ளியில் மட்டும் ஏறக்குறைய 72,000 பேர் இருந்தார்கள். குவீன் குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம். அது கோடைக்கால மாலை. இன்னும் வெளிச்சம் இருந்ததால் மேடை விளக்குகளின் உதவியும் இல்லை. அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி என்ன செய்தார்? நீளமான பாடல்களைச் சுருக்கி, பலரும் அறிந்தவற்றையே தேர்ந்துகொண்டார்கள். ஒரு பாடலின் பல்லவியில் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தட்டுவதை அரங்கம் முழுவதும் ஒன்றுபோலச் செய்தது. நடுவில் இசைக்கருவிகள் ஏதுமின்றித் தம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சிறு இசைத்தொடரைப் பாடி நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். அடுத்ததை இன்னும் கடினமாக்குவார். தோட்டத்துக் கோயில் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைப் போன்றதுதான் அது. பாடுகிறவர்கள் 72,000 பேர் என்பது மட்டுமே வேறுபாடு. வாங்கிப் பாடுவதில் முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் கிடையாது.

ஃபிரெடி மெர்குரி சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் பிறந்தவர் என்பதையும், மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. அந்த மேடை தங்களுக்கு அந்நியமானது என்று அவர்கள் எண்ண வேண்டியதில்லை.

அதே லைவ் எய்ட்டின் இறுதிப் பகுதியில் பால் மெக்கார்ட்னி பியானோவில் அமர்ந்து பாடத் தொடங்கியபோது அவருடைய ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. கேட்காத குரலைக் கூட்டம் தன் குரலால் நிரப்பியது. 1997 செப்டம்பர் 23ஆம் நாள், போரில் சிதைந்து மீண்டுகொண்டிருந்த சரயேவோவின் கோசெவோ அரங்கில் யூ2 குழு வாசித்தபோதும் இதுவே நடந்தது. அக்குழுவின் பாடகர் போனோவின் தொண்டை கட்டிக்கொண்டது. ஏறக்குறைய 45,000 மக்கள் அவருக்காகப் பாடினார்கள். 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா நடந்த அரங்கம் அது. முற்றுகைக் காலத்தில் அதன் அருகிலிருந்த நிலங்கள் இடுகாடுகளாயின. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரோடொருவர் போரிட்ட இனத்தவர் ஒரே படிக்கட்டில் நின்ற அந்த மாலையில், பாடகரின் குரல் சரியாக இல்லை என்பதைக் குறையாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும் என்றால், சரயேவோவை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மறுமொழி 3: தன்னார்வலர், கோலாலம்பூர்

கேட்பதற்கும் காண்பதற்கும் முன்னால், உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பைப் பேசுவது முறையாகாது.

1979 டிசம்பர் 3ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டியில் உள்ள உள்விளையாட்டரங்கில் 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சி நடக்கவிருந்தது. பெரும்பாலான சீட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது. முதலில் நுழைந்தவருக்கு முன்னிடம். குளிரில் பல மணி நேரம் காத்திருந்த கூட்டத்துக்குச் சில கதவுகள் மட்டுமே திறக்கப்பட்டன. உள்ளே இசை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணிப் பின்னால் இருந்தவர்கள் முந்தித் தள்ள, முன்னால் இருந்தவர்கள் மூச்சுவிட இடமின்றி நசுங்கினார்கள். பதினொரு பேர் இறந்தார்கள். பின்னால் தள்ளியவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை; தெரிவிக்கவும் யாரும் இல்லை. அதன்பின் அந்நகரம் இருக்கை எண் இல்லாமல் சீட்டு விற்கும் முறையைப் பல ஆண்டுகள் தடை செய்தது. பேருந்தில் தாமதமாக வந்து, கதவருகே நெருக்கடியில் நிற்கப்போகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தாம். கூட்டம் அலைபோல அசையத் தொடங்கினால் மேடையை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலக வேண்டும், மார்புக்கு முன்னால் கைகளை மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும் என்பவற்றை உங்கள் இசை மாலையில் தயவுசெய்து செய்து காட்டுங்கள்.

சுங்கை சிப்புட் இசை வட்டம்

அனைவருக்கும் நன்றி. சின்சினாட்டியைப் பற்றிக் கட்டாயம் பேசுவோம். இன்னும் இரண்டு ஐயங்கள். நம் நாட்டு அரங்குகளில் இத்தகைய நிகழ்ச்சிகளால் திடல் கெட்டுப்போகிறது என்று காற்பந்து ரசிகர்கள் வருந்துவதை எப்படிப் புரிந்துகொள்வது? மண்டபத்தில் ஒளிப்பதிவுகளைத் திரையிடும்போது எவற்றைக் கவனிக்கச் சொல்லலாம்?

மறுமொழி 4: திடல் பராமரிப்பாளர், கிள்ளான்

முதல் ஐயத்துக்கு மட்டும் மறுமொழி தருகிறேன்.

காற்பந்து ரசிகர்களின் வருத்தம் நியாயமானது. புல்லும் ஒரு பயிர்தான். அதன்மீது மேடையின் எடையும், பாரந்தூக்கிகளின் சக்கரங்களும், பல்லாயிரம் கால்களும் ஏறும்போது மண் இறுகிக் காற்றும் நீரும் வேருக்குப் போகாமல் தடைபடுகின்றன. வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் பலகைகளால் மூடினாலும், நம் வெப்பத்தில் மூடலுக்குக் கீழே சூடும் ஈரமும் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே எத்தனை நாள் மூடியிருந்தது என்பதே திடலின் கதியை முடிவு செய்கிறது. கடைசிப் பாடல் முடிந்த இரவே பலகைகளை அகற்றத் தொடங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் உறுதியான கருத்து.

1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் அரங்கில் 85,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். 2023இல் அங்கே பழைய புல்லை நீக்கிவிட்டு, இலை மெலிந்து அடர்த்தியாக வளரும் சியோன் சோய்சியா புல்லைப் பதித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கோல்ட்பிளே குழு அங்கேதான் வாசித்தது. காற்பந்தும் இசையும் ஒரே திடலில் வாழ வேண்டுமானால் புல்லுக்கு ஓய்வு நாள்களை நாட்காட்டியில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், வேறு வழியில்லை.

மெர்டேகா அரங்கத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனம் வாசித்ததும், 1975இல் முகம்மது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டையில் மோதியதும், நம் ஆர். ஆறுமுகம் கோல் காத்ததும் அங்கேதான். 1996 அக்டோபரில் மைக்கேல் ஜாக்சன் அங்கே இரண்டு இரவுகள் ஆடிப் பாடினார். 2013 ஆகஸ்டில் மெட்டாலிகா குழு வாசித்தது. புக்கிட் ஜாலிலைவிட மிகச் சிறியது என்பதால், அங்கே கடைசிப் படியில் நிற்பவரும் மேடையிலிருந்து அவ்வளவு தொலைவில் இருப்பதில்லை. உங்கள் அளவுகோலின்படி அது ஒரு சிறப்பு.

மறுமொழி 5: ஒலியமைப்பாளர், தெலுக் இந்தான்

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். திரையில் கேட்கும் ஒலி பெரும்பாலும் மேடையின் ஒலிவாங்கிகளிலிருந்து நேரடியாகப் பதிவானது. கடைசி வரிசையில் கேட்ட ஒலி அன்று. ஷியா நிகழ்ச்சியின் படத்துக்காக பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஜனவரியில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பகுதிகளை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தார்கள். ஆகவே அந்தப் படத்தைப் பார்த்து அன்று நன்றாகத்தான் கேட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒலியை நம்ப முடியாதபோது கண்ணை நம்பலாம். கூட்டம் கைதட்டும் காட்சிகளில், மேடைக்கு அருகே உள்ள கைகளும் தொலைவில் உள்ள கைகளும் எப்போது உயர்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒலி பின்னோக்கிப் பயணம் செய்வதைக் கண்ணாலேயே காணலாம்.

ஆசிரியை அம்மா சொன்ன பஜனை முறையில் ஒலியியல் காரணமும் ஒன்று அடங்கியிருக்கிறது. நூறு மீட்டர் தள்ளி இருப்பவரை பாடகரின் குரல் அடைய ஏறக்குறைய 0.3 நொடி ஆகிறது. அவர் கூடவே பாடினால் அந்தக் குரல் மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.3 நொடி. ஆக, கூட்டத்தோடு சேர்ந்து பாட முயலும் பாடகருக்கு மக்களின் குரல் அரை நொடிக்கும் மேலாகப் பிந்தியே வந்து தாளத்தை இழுக்கும். இக்காலப் பாடகர்கள் காதுக்குள் சிறு ஒலிபெருக்கியைப் பொருத்திக்கொண்டு வெளியொலியைத் தடுத்துப் பாடுவதற்கு இதுவும் காரணம். ஃபிரெடி மெர்குரி அப்படித் தடுக்கவில்லை. பாடினார், நிறுத்தினார், கடைசிப் படியிலிருந்து வரும் குரலும் வந்து சேரும்வரை காத்திருந்தார், பிறகே அடுத்ததைத் தொடங்கினார். அந்த ஒளிப்பதிவில் அவர் பாடும் பகுதியைவிடக் காத்திருக்கும் பகுதியை இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள்.